எரிந்த கப்பலும் எரியாத பெட்ரோலும்

சான் டெமெட்ரியோ 1938இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல். ஈகிள் ஆயில் நிறுவனத்துக்குச் சொந்தமானது. டீசல் என்ஜினில் ஓடியது. 1940 அக்டோபர் இறுதியில் அது கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அதன் வயிற்றில் 11,200 டன் விமானப் பெட்ரோல் இருந்தது. இங்கிலாந்தின் வானத்தில் ஜெர்மன் விமானங்களோடு பெரும் சண்டை நடந்து முடிந்திருந்த வேளை அது. அந்த நாட்டுக்கு அப்போது மிகவும் தேவைப்பட்ட சரக்கும் அதுதான், மாலுமிகள் மிகவும் அஞ்சிய சரக்கும் அதுதான். கச்சா எண்ணெய் ஏற்றிய கப்பலில் தீப்பிடித்தால் ஓடித் தப்பிக்கச் சில நிமிடங்களாவது கிடைக்கும், பெட்ரோல் கப்பலில் அதுவும் கிடைக்காது என்பதே பரவலான நம்பிக்கை.

முப்பதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் கூட்டாகச் சென்ற அந்தக் கான்வாயின் பெயர் எச்எக்ஸ் 84. அதற்குக் காவலாக ஜெர்விஸ் பே என்ற ஒரே ஒரு கப்பல் வந்தது. பயணிகள் கப்பலில் பழைய பீரங்கிகளைப் பொருத்தி உருவாக்கிய காவலன். நவம்பர் 5 மாலை, அட்லாண்டிக்கின் நடுவே, ஜெர்மன் போர்க்கப்பல் அட்மிரல் ஷேர் இந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தது. அதன் 28 செ.மீ பீரங்கிகள் ஒவ்வொரு முறையும் சுமார் 300 கிலோ எடையுள்ள குண்டை வீசக்கூடியவை. ஜெர்விஸ் பேயின் தலைவர் ஃபெகன், தோல்வி நிச்சயம் என்று தெரிந்தே தன் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். அது மூழ்குவதற்குள் மற்ற கப்பல்கள் இருட்டில் சிதறி ஓட நேரம் கிடைத்தது. ஆனாலும் ஐந்து சரக்குக் கப்பல்கள் அன்றிரவு மூழ்கடிக்கப்பட்டன. சான் டெமெட்ரியோவின் மீதும் குண்டுகள் விழுந்தன. மேல்தளக் கட்டடம் நொறுங்கியது, பின்பகுதி தீப்பற்றியது. தலைவர் ஜார்ஜ் வெய்ட் கப்பலைக் கைவிட உத்தரவிட்டார். பெட்ரோல் எந்த நொடியிலும் வெடிக்கலாம் என்று கருதியவருக்கு வேறு முடிவு எடுக்க வழியில்லை. மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளில் இறங்கினார்கள்.

கப்பல் வெடிக்கவில்லை. இரவெல்லாம் எரிந்தது, மறுநாளும் எரிந்தது. வெடிக்க மட்டும் செய்யவில்லை.

வெறும் கணக்கைப் பார்த்தால் அச்சம் நியாயமானது. ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்து வெளியிடும் ஆற்றலைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கியிருக்கிறது. 11,200 டன் பெட்ரோலின் மொத்த ஆற்றல், ஹிரோஷிமாவில் போடப்பட்ட அணுகுண்டின் ஆற்றலைவிட ஏழெட்டு மடங்கு அதிகம். ஆனால் டிஎன்டியின் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அது வெடிக்கக் காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. பெட்ரோல் அப்படியல்ல. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 15 கிலோ காற்று வேண்டும். அந்தக் கப்பலின் சரக்கு முழுவதும் எரிய வேண்டுமானால் நீளம், அகலம், உயரம் மூன்றும் அரை கிலோமீட்டர் கொண்ட ஒரு காற்றுப் பெட்டி தேவை. மூடிய தொட்டிக்குள் அத்தனை காற்று எப்படி வரும்? ஒரு தீக்குளத்தில் பெட்ரோல் எரியும் வேகம் மேற்பரப்பில்தான் தீர்மானமாகிறது. மணிக்குச் சுமார் கால் மீட்டர் ஆழம்தான் குறையும். அதே கான்வாயில் சென்ற பீவர்ஃபோர்ட் என்ற கப்பலின் சரக்கில் வெடிமருந்தும் இருந்தது. அது தாக்கப்பட்டு வெடித்தபோது அதிலிருந்த 77 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எரிபொருளுக்கும் வெடிபொருளுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரே இரவில், ஒரே கடலில் தெரிந்துவிட்டது.

அப்படியானால் பெட்ரோல் கப்பல்கள் வெடித்த செய்திகள் பொய்யா? இல்லை. அங்கெல்லாம் வெடித்தது திரவமல்ல, ஆவி. திரவப் பெட்ரோல் நேரடியாக எரிவதே இல்லை. அதிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. இந்தக் கலவைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எரிபொருள் போதாது, தீ பரவாது. 7.6 சதவீதத்துக்கு மேலே போனால் ஆக்சிஜன் போதாது, அப்போதும் தீ பரவாது. இடைப்பட்ட குறுகிய பட்டையில்தான் ஆபத்து. மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து ‘ஓவர்ஃப்ளோ’ ஆக்கியவர்களுக்கு இந்த மேல் எல்லை அனுபவத்தில் தெரியும்: பிளக்கில் பொறி வந்துகொண்டுதான் இருக்கும், சிலிண்டருக்குள் பெட்ரோலும் தேவைக்கு மேல் இருக்கும், வண்டி கிளம்பாது.

நிறைந்த பெட்ரோல் தொட்டியின் மேற்புற வெளி பொதுவாக இந்த ‘ஓவர்ஃப்ளோ’ நிலையில்தான் இருக்கும். பெட்ரோல் வெகு எளிதில் ஆவியாகக்கூடியது. பூஜ்யத்துக்குச் சுமார் 40 டிகிரி கீழேகூட எரியும் அளவுக்கு ஆவி தரும். நவம்பர் மாத அட்லாண்டிக்கின் குளிரில், பத்து டிகிரி அளவில், மூடிய தொட்டியில் ஆவியின் பங்கு மேல் எல்லையை வெகுவாகத் தாண்டிவிடும். எந்தக் குணத்துக்காகப் பெட்ரோலை அஞ்சுகிறோமோ, அதே குணம் தொட்டிக்குள் தீயை நுழையவிடாமல் தடுக்கிறது. மண்ணெண்ணெய்த் தொட்டி இதற்கு நேர்மாறு. அங்கே ஆவி போதாததால் தீ பரவாது.

கப்பலின் அமைப்பும் கைகொடுத்தது. எண்ணெய்க் கப்பலின் வயிறு ஒரே பெரிய தொட்டியல்ல. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் எஃகுத் தடுப்புச் சுவர்கள் அதைப் பல அறைகளாகப் பிரிக்கின்றன. சரக்கு அறைகளுக்கும் பின்பக்கத்து என்ஜின் ரூமுக்கும் இடையில் வெற்றிடம் ஒன்று விடப்படும். அடுத்த பக்கம் தீ சுட்டாலும், தடுப்புச் சுவரின் உட்பக்கத்தில் திரவம் தொட்டுக்கொண்டிருக்கும்வரை அந்தச் சுவரின் வெப்பத்தைத் திரவமே வாங்கிக்கொண்டு போகும். திரவம் படாத எஃகுதான் சிவந்து, வலுவிழக்கும். இந்த விதியின் கொடூரமான முகத்தை 1966 ஜனவரி 4 அன்று பிரான்சில் லியோன் நகருக்கு அருகே ஃபேசான் சுத்திகரிப்பு ஆலை கண்டது. அங்கே புரோப்பேன் நிரம்பிய கோளத் தொட்டி ஒன்றின் அடி வால்வு பனிக்கட்டி அடைத்து மூட முடியாமல் போனது. கசிந்த வாயு தீப்பற்றித் தொட்டியைச் சூழ்ந்தது. உள்ளே திரவ மட்டம் இறங்க இறங்க, அதற்கு மேலிருந்த உலர்ந்த எஃகு இளகிக் கிழிந்தது. அந்த விபத்தில் 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தீயணைப்புத் தொழிலாளிகள். அழுத்தத்தில் அடைபட்ட புரோப்பேனுக்கு நேரும் இந்த முடிவு, சாதாரண அழுத்தத்தில் இருந்த சான் டெமெட்ரியோவின் பெட்ரோலுக்கு எளிதில் நேராது.

ஆனால் கப்பலின் மேல்தளத்தில் குண்டுச் சில்லுகள் துளைகள் போட்டிருந்தன. கப்பல் அலையில் உருளும்போதெல்லாம் அந்தத் துளைகள் வழியே பெட்ரோல் தளத்தின்மேல் தெறித்தது. மூடிய தொட்டிக்குள் இருந்த பாதுகாப்பு அங்கே இல்லை. துளைக்குச் சற்று மேலே, ஆவியும் கடற்காற்றும் கலக்கும் இடத்தில், எங்கோ ஓரிடத்தில் கலவை அந்த எரியும் பட்டைக்குள் கட்டாயம் வந்துதான் தீரும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் தளத்தோடு தவழ்ந்து, பள்ளமான இடங்களில் தேங்கும். அதைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் கால்பங்கு ஆற்றல் போதும். ஆணி அடித்த செருப்பு எஃகில் உரசும் பொறியே அதற்கு ஏராளம். பலத்த காற்று ஆவியைத் தேங்கவிடாமல் அடித்துக்கொண்டு போனது நல்லூழ்.

பிரிந்த படகுகளில் தலைவரும் மற்றவர்களும் இருந்தவை வேறொரு கப்பலால் மீட்கப்பட்டன. இரண்டாம் அதிகாரி ஆர்தர் ஹாக்கின்ஸ், தலைமைப் பொறியாளர் சார்ல்ஸ் பொல்லார்ட் உள்ளிட்ட 16 பேர் இருந்த படகு மட்டும் தனியே அலைந்தது. அதில் ஜான் பாயில் என்ற கிரீசரும் இருந்தார். கிரீசர் என்பவர் என்ஜின் ரூமின் அடிமட்டத் தொழிலாளி: ஓடும் எந்திரத்தின் மூட்டுகளுக்கு எண்ணெய் விடுவது, பேரிங் சூடேறுகிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது, கண்ணாடி மானிகளைக் கவனிப்பது, கசிவைத் துடைப்பது. பதக்கப் பட்டியல்களில் அவ்வளவாக இடம்பெறாத வேலை. கப்பலிலிருந்து படகுக்குள் குதித்தபோது பாயிலுக்கு அடிபட்டிருந்தது.

மறுநாள் அந்தப் படகிலிருந்தவர்களின் கண்ணில் ஒரு கப்பல் பட்டது. நெருங்கிப் பார்த்தால் தங்களுடைய கப்பலேதான், இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஏறுவதா வேண்டாமா என்று பேசினார்கள். வேண்டாம் என்றே முடிவாயிற்று. அந்த முடிவைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. கடலும் கொந்தளிப்பாக இருந்தது. இரண்டாவது இரவையும் திறந்த படகிலேயே கழித்தார்கள். நனைந்த உடையில், குளிர்காற்றில், உடல் தன் வெப்பத்தைத் தானாகத் தயாரிப்பதைவிட வேகமாக இழக்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், பிறகு தடுமாற்றம், பிறகு சிந்தனை மழுங்கல் என்று வரிசையாக வரும். நவம்பர் 7 காலையில் கணக்கு மாறிவிட்டது. படகில் இருந்தால் குளிர் கொல்வது ஏறக்குறைய உறுதி. கப்பலில் ஏறினால் தீ கொல்லலாம், கொல்லாமலும் விடலாம். அவர்கள் மறுபடியும் கப்பலைத் தேடிப் போய் ஏறினார்கள். இதைத் துணிச்சல் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாயும் துணிச்சல் அல்ல அது. ஓர் இரவு முழுதும் யோசித்து, அஞ்சி, பிறகு எடுத்த முடிவு.

எரிந்துகொண்டிருந்தது பெரும்பாலும் பெட்ரோல் அல்ல. குடியிருப்பு அறைகளின் மரம், துணி, பெயின்ட், சாமான்கள்தான் எரிந்தன. இது முக்கியமான வேறுபாடு. எரியும் பெட்ரோலில் தண்ணீரை ஊற்றினால் பயனில்லை. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதந்து, தீயையும் சேர்த்துப் பரப்பும். மரத்தில் பிடித்த தீயோ தண்ணீருக்குப் பணியும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக மாறும்போது இரண்டு மெகாஜூலுக்கும் மேலான வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வேறெந்த மலிவான பொருளுக்கும் இந்தத் திறன் இல்லை. முதலில் கைக்குக் கிடைத்த அணைப்பான்களும் வாளிகளும்; பம்புகள் ஓடத் தொடங்கியதும் குழாய்நீர். தீ அணைந்தால் மட்டும் போதாது. சூடேறிய எஃகுத் தகடு ஆறும்வரை அதுவே ஒரு தீக்குச்சி. தகடுகளை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், புகையும் மூலைகளைக் கிளறிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்திலேயே தளத்தில் பெட்ரோல் தெறித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது என்ஜின். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் டீசல் என்ஜினை உயிர்ப்பிப்பது தனி ஆபத்து. டீசல் என்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதற்குச் செலுத்தும் எரிபொருளின் அளவுதான். அது உறிஞ்சும் காற்றிலேயே எரியும் ஆவி கலந்திருந்தால், டீசலை நிறுத்தினாலும் என்ஜின் நிற்காமல் வெறிபிடித்து ஓடக்கூடும். மின்சாரச் சாதனங்களின் பொறி மற்றொரு கவலை. பொல்லார்டும் அவருடைய ஆட்களும் நீர் புகுந்திருந்த, சேதமடைந்த அறையில் துணைக்கருவிகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, என்ஜினை ஓடவைத்தார்கள். பெருங்கப்பலின் டீசல் என்ஜின் சாவி திருப்பினால் கிளம்பிவிடாது. அழுத்தக் காற்று, குளிர்நீர், மசகெண்ணெய் எல்லாம் தயாராக இருந்தால்தான் முதல் சுற்றே சுற்றும். இவற்றை எல்லாம் கவனிக்கும் கைகள் கிரீசர்களுடையவை.

ஜான் பாயில் என்ஜின் ரூமில் வேலையில் இருந்தார். உள்ளுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் ஏழில் ஒரு பங்குவரை வெளியேறினாலும் வெளியே அதிகம் தெரியாது. உடல் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பைக் கூட்டிச் சமாளிக்கும். மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போது சமாளிப்பு திடீரென்று முறியும். கசிவு மெதுவாக இருந்தால் இந்த ஏமாற்று நிலை நாள்கணக்கில்கூட நீளலாம். குளிரில் வாடிய உடலில் இரத்தம் உறைவதும் தாமதமாகும். அறுவை சிகிச்சை அரங்கும் இரத்த வங்கியும் இருந்த ஊரில் அவர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. நடுக்கடலில், மருத்துவர் இல்லாத கப்பலில், அப்படி ஒன்றும் செய்வதற்கில்லை. கப்பலில் மீண்டும் ஏறிய மூன்று நாளில் அவர் இறந்தார். உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது.

மற்ற பதினைந்து பேரும் கப்பலைக் கிழக்கே ஓட்டினார்கள். வரைபடம் இல்லை, திசைகாட்டி இல்லை, வானொலி இல்லை. மேல்தளத்துச் சுக்கான் அறை எரிந்துபோயிருந்ததால் பின்பக்கத்து உதவிச் சுக்கானைப் பிடித்தார்கள். முகில் விலகியபோது தெரிந்த சூரியனையும் விண்மீன்களையும் வைத்து ஹாக்கின்ஸ் திசை கணித்தார். அயர்லாந்தின் கரை தெரிந்தது. நவம்பர் 16 அன்று கப்பல் ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றுமுகத்தை அடைந்தது. சரக்கின் பெரும்பகுதி அப்படியே இருந்தது.

பெட்ரோலைக் கடலில் இறைத்துவிட்டு வெறும் கப்பலாக ஓட்டியிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்கும் என்று தோன்றலாம். உண்மை நேர்எதிர். இறைத்த தொட்டிக்குள் காற்று புகும். சுவரிலும் தரையிலும் ஒட்டியிருக்கும் மிச்சப் பெட்ரோல் ஆவியாகும். செறிவு மேல் எல்லையிலிருந்து இறங்கி எரியும் பட்டைக்குள் வந்து நிற்கும். நிறைந்த எண்ணெய்க் கப்பலைவிடக் காலி எண்ணெய்க் கப்பலே ஆபத்தானது என்பதைக் கப்பல் துறை பெரும் விலை கொடுத்துத்தான் முழுமையாக ஏற்றுக்கொண்டது. 1969 டிசம்பரில், ஒரே மாதத்துக்குள், மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாகோன் என்ற மூன்று ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் வெடித்தன. மூன்றும் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவை; தொட்டிகளைக் கழுவும்போது வெடித்தவை. அழுத்தத்தில் பீய்ச்சிய நீர் உண்டாக்கிய மூடுபனியில் நிலைமின்னூட்டம் சேர்ந்து பொறி பறந்திருக்க வேண்டும் என்று ஆய்வுகள் கருதின. அதன்பின் பரவலான ஏற்பாடுதான் மந்த வாயு முறை. கொதிகலன் புகையைக் கழுவிக் குளிர்வித்து, ஆக்சிஜன் குறைந்த அந்த வாயுவைத் தொட்டியின் வெற்றிடத்தில் நிரப்பிவைப்பார்கள். ஆக்சிஜன் சுமார் 11 சதவீதத்துக்குக் கீழே போனால் பெட்ரோலிய ஆவி எந்தச் செறிவிலும் எரியாது. சர்வதேச விதி இன்னும் கறாராக, 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு புதிய ஆபத்தும் இருக்கிறது: அந்த வாயுவில் மனிதரும் மூச்சுவிட முடியாது. தொட்டிக்குள் இறங்குமுன் காற்றை அளந்து பார்க்காத தொழிலாளிகள் இன்றும் இறக்கிறார்கள்.

சான் டெமெட்ரியோவின் விவகாரம் நீதிமன்றத்திலும் தொடர்ந்தது. ஆபத்திலிருக்கும் கப்பலைக் காப்பாற்றுபவருக்கு மீட்பு ஊதியம் உண்டு என்பது கடல்சட்டத்தின் பழைய விதி. ஆனால் அந்தக் கப்பலின் சொந்த மாலுமிகளுக்கு அது கிடையாது. காப்பாற்றுவது அவர்கள் சம்பளத்துக்கு உட்பட்ட கடமை என்று சட்டம் கருதுகிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கப்பல் தலைவர் திரும்பும் எண்ணமின்றி முறைப்படி கைவிட உத்தரவிட்டுவிட்டால், வேலை ஒப்பந்தம் அங்கேயே முடிகிறது. பிறகு திரும்பி வருபவர் அந்நியருக்குச் சமம். வெய்ட்டின் உத்தரவு அப்படிப்பட்டது. கப்பல் இழுவைப் படகின் தயவில்லாமல் தன் என்ஜினிலேயே கரைசேர்ந்ததால் ஊதியத்தில் பங்கு கேட்கவும் வேறு யாரும் இல்லை. லண்டன் கடல்சட்ட நீதிமன்றம் மொத்தம் 14,700 பவுண்டு வழங்கியது. ஹாக்கின்ஸுக்கு 2,000 பவுண்டு. பாயிலின் பங்காக அவருடைய வாரிசுகளுக்கு 200 பவுண்டு. பதவி வாரியாகப் பிரிக்கும் வழக்கம் கடலில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இந்த இரு எண்களும் சாட்சி. ஈலிங் ஸ்டூடியோ 1943இல் இந்த நிகழ்ச்சியைத் திரைப்படமாக்கியது. படம் வெளிவந்தபோது கப்பல் இல்லை. பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பெட்ரோல் சுமக்கப் போன அது, 1942 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் யு-404 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையானது. பீரங்கிக் குண்டு தளத்துக்கு மேலே செய்யும் சேதம் வேறு, டார்பிடோ நீர்மட்டத்துக்குக் கீழே செய்வது வேறு. அந்த முறை திரும்பி ஏறுவதற்குக் கப்பல் மிஞ்சவில்லை.